வேலிக்கு வெளியே முட்டையிட்ட சாம்பல் பெட்டை

இப்போது சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. இதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கமாட்டேன். கூட்டுவாயா என்று கேட்டால், அது வேறு பேச்சு. உப்புப் போடாமல் கறி வைக்க எனக்குத் தெரியாது. நான் படித்ததே இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கினேன். அதனால் யாரோ அழுதார் என்று நான் சொன்னால், கண்ணில் தூசி விழுந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே நம்பலாம்.

இப்படித்தான் அன்றைக்கும் ஆரம்பித்தேன். மறுநாள் சந்திரன் மகளுக்குக் காதுகுத்து. மலேசியாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தின், அந்த வரிசை வீடுகளின் பின்னால், வெந்நீர்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தோம். சந்திரன், எதிர்வீட்டு மயிலம்மாள், இன்னும் நாலைந்து பேர். கோழியைக் கையில் வைத்துக்கொண்டு, சந்திரனைப் பெற்ற பஞ்சாலையைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியுமா?

பஞ்சாலை பால்மரம் வெட்டுகிறவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை தங்கியது. தங்கிய அன்றைக்கே கோழி வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட கோழிச்சாறு வேண்டும். தன் கையால் தீனி போட்டு வளர்த்த கோழிதான் வேண்டும், கடைக்கோழி உதவாது என்பாள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தில் போலீஸ். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். வேலையாள் ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டுக்குப் போய்விடுமாம். அரிசியோ அளந்துதான் கிடைக்கும். நமக்கே இல்லாத அரிசியைக் கோழிக்கு எங்கே போடுவது? மரவள்ளித் தோலை அவித்துப் பிசைவாள். தேங்காய்ச் சக்கையைக் காயவைத்துத் தூவுவாள். வேலை முடிந்து வரும்போது கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு நடுவில் தட்டுவாள். உள்ளே வருவதைக் கேட்டில் யாரும் தடுப்பதில்லை. ஆறு மாதத்தில் ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் ஆயிற்று. அந்தச் சேவல் கூவினால் சிரம்பான் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிவிடும்.

தினமும் விடியற்காலையில் கூட்டைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, விரலை விட்டுப் பார்ப்பாள். முட்டை இருந்தால் அந்தக் கோழி கூடைக்குள் அடைபடும், இட்ட பிறகுதான் விடுதலை. இல்லாதது அப்போதே மேயப் போகும். எட்டாம் மாதம் குனிய முடியாமல் போனதும், இந்த வேலையைப் புருஷன் மாயாண்டியிடம் ஒப்படைத்தாள். மற்ற எல்லாக் கோழிக்கும் அவர் சரியாகத்தான் சொன்னார். சாம்பல் நிறப் பெட்டைக்கு மட்டும் தினமும் "இல்லை" என்றார். சரி, அது முட்டையை நிறுத்திவிட்டது என்று பஞ்சாலையும் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ரோந்து போன போலீஸ், வேலிக்கு வெளியே லாலான் புல்லுக்குள் பதினான்கு முட்டைகளைக் கண்டுபிடித்தது. வட்டமாக, ஆள் கையால் அடுக்கிவைத்த மாதிரி.

அப்போது புதிதாக ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை வந்திருந்தான். சின்ன வயசு. முட்டையை அவன் தட்டில்தான் பார்த்திருக்கிறான். காட்டு ஆட்களுக்கு யாரோ சாப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று குதித்தான். கூட வந்த மலாய் சார்ஜன் கம்பத்துக்காரன், கிராமத்தில் கோழியோடு வளர்ந்தவன், அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தான். முட்டையை எல்லாம் தொப்பியில் அள்ளிக்கொண்டு துரை லயத்துக்கு வந்து, யார் வீட்டுக் கோழி என்று கேட்டான். ஊரே தரையைப் பார்த்தது. பஞ்சாலை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

முட்டையைக் கோழிதான் வெளியே போய் இட்டது என்றாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் திருநாவுக்கரசு கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை நம்பவில்லை. கோழிகளை எல்லாம் கூட்டில் அடைக்கச் சொன்னான். நாளைக்குள் நிரூபிக்காவிட்டால் பத்தையும் அறுத்துவிட வேண்டும், மாயாண்டியையும் விசாரணைக்குக் கொண்டுபோவேன் என்றான்.

பஞ்சாலை யோசிக்கவே இல்லை.

"அவர வேணும்னா கொண்டுபோங்க துரை. நாலு நாள் கழிச்சு வரட்டும். கோழிய அறுத்துட்டா நான் எதத் தின்னு எந்திரிப்பேன்?"

கிராணி இதை மொழிபெயர்க்கவில்லை. மாயாண்டி மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் பஞ்சாலை முக்காலியில் உட்கார்ந்தாள். துரையும் வந்து நின்றான். மாயாண்டி ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க, அவள் விரலை விட்டுப் பார்த்து, இதற்கு இல்லை, இதற்கு மத்தியானத்துக்கு மேலே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். துரையின் முகம் செவ்வாழைப் பழம் மாதிரி ஆயிற்று. கடைசியாக வந்தது சாம்பல் பெட்டை. அவள் விரலை எடுத்துவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு. தெனம் இருந்திருக்கும். தெனம் பாத்தேன்னு சொன்னீங்களே, எங்க பாத்தீங்க, மூஞ்சியிலயா?"

"அது திரும்பி என்னைய மொறைச்சிச்சு பஞ்சாலை. கூச்சமா இருந்துச்சு."

கோழியைத் திறந்துவிட்டால் தானே போய்க் காட்டிக்கொடுக்கும். ஆனால் அங்கேதான் இடித்தது. பதினான்கையும் துரை அள்ளிவிட்டான். போனதும் அந்தப் புல்லுக்குள் காலியாக இருந்தால் கோழி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, வேறு இடம் தேடும். நம் வீட்டில் எடுத்தாலும் ஒன்றை விட்டுத்தானே எடுப்போம்? ஒரு முட்டையைத் திரும்ப வைக்க வேண்டும் என்றாள் பஞ்சாலை.

யார் கொண்டுபோவது? வெளியே சாப்பாடு கொண்டுபோனால் ஜெயில். லயத்தில் ஒவ்வொருத்தனும் முட்டையைத் தொடமாட்டேன் என்றான். கடைசியில் துரையே எடுத்துக்கொண்டு நடந்தான். கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். எந்தத் துரையாக இருந்தாலும் சூராட், அதாவது அனுமதிக் கடிதம், இல்லாமல் விடாதே என்று முந்தின வாரம் அவனுக்கு உத்தரவு போட்டதே இந்தத் துரைதான். பாவம், ஜீப் மேல் காகிதத்தை வைத்து, தனக்குத்தானே கடிதம் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, ஒரு முட்டையை வெளியே கொண்டுபோனான். ஏழு முத்திரை குத்தினார்கள். சரி, ஒன்று.

அப்புறம் எல்லாரும் ஒளிந்தோம். நாலு பேர் பார்க்க எந்தக் கோழி முட்டையிடும்? நானும் துரையும் வேலியோரக் கால்வாய்க்குள் குப்புறப் படுத்தோம். எனக்குப் பழக்கம், அவன் சட்டை வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்டது. கூட்டைத் திறந்தார்கள். சாம்பல் பெட்டை வந்தது. நின்றது. சிறகை உதறியது. சாமி ஊர்வலம் மாதிரி லயத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பஞ்சாலை கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், உள்ளே இருந்த பிள்ளையும் அடக்கிக்கொண்டிருக்கும். கோழி முள்கம்பிக்கு அடியில் தலையைக் கொடுத்து, உடம்பை ஒடுக்கி, துரையின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி வெளியே போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்தது.

அரைமணி நேரம். பிறகு எழுந்து கொக்கரித்தது பாருங்கள், பத்து மைல் தள்ளி இருந்தவன்கூட எட்டிப் பார்த்திருப்பான். துரை தவழ்ந்து போய்ப் புல்லை விலக்கினான். ஒன்று இரண்டாகியிருந்தது. தொட்டுப் பார்த்தான், சூடு.

சேற்றோடு திரும்பி வந்தவன், கோழியெல்லாம் இருக்கட்டும், முட்டையிட்ட பிறகு மட்டும் திறந்துவிடுங்கள் என்றான். பஞ்சாலை ஆறு மாதமாகச் செய்த அதே வேலையை உத்தரவாகப் போட்டுவிட்டுப் போனான். கோழி பார்க்கும் வேலையை மாயாண்டியிடமிருந்து பிடுங்கி, பஞ்சாலை என்னிடம் கொடுத்தாள்.

அடுத்த மாதம் சந்திரன் பிறந்தான். பஞ்சாலை ஒன்றுவிட்டு ஒருநாள் கோழிச்சாறு குடித்தாள். பால் பொங்கியதில் இவன் தவழாமலே நேராக நடந்தான். சாம்பல் பெட்டையை மட்டும் அவள் அறுக்கவில்லை. அடைக்கு வைத்தாள். எத்தனையோ தலைமுறை குஞ்சு பொரித்து, இன்றைக்கு இந்தச் சட்டியில் கிடக்கிற கோழி வரைக்கும் அதன் வம்சம்தான் என்று நான் முடித்தேன்.

மயிலம்மாள் பாதி பிடுங்கிய கோழியைச் சட்டிக்குள் போட்டாள்.

"ஆறுமுகண்ணே, எல்லாம் சரிதான். அந்தச் சாம்பல் பெட்ட எங்க அம்மா வீட்டுதுலா. தீனிக்காக அந்தப் பக்கம் போயி ஒட்டிக்கிச்சு."

"அப்படியாக்கா? தொர யாரு வீட்டுக் கோழின்னு கேட்டப்ப உங்கம்மா எங்க இருந்தாங்க?" என்றான் சந்திரன்.

"கோயிலுக்குப் போயிருந்திச்சு."

"எந்தக் கோயிலு? அன்னைக்கு லயத்து கேட்டு பூட்டிக் கெடந்துச்சாமே."

"தம்பி, எங்கம்மாளப் பொய்க்காரின்னு சொல்றியா? ஒங்கப்பனுக்குக் கோழியப் பாக்கவே கூச்சம், அது யாரு வீட்டுக் கோழின்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

சந்திரன் எழுந்து நின்றான். சாம்பல் பெட்டை அல்ல, அது செவலை என்று பின்னாலிருந்து ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். துரையோடு கால்வாய்க்குள் படுத்தது நானே இல்லை, தன் சித்தப்பாதான் என்றார் இன்னொருத்தர். அதற்கு மேல் எனக்கும் பொறுக்கவில்லை. கையிலிருந்த கோழியோடு நானும் எழுந்தேன்.