ஐந்து கயிறும் ஒரே சக்கரமும்

முப்பத்தோராண்டு லிப்ட் மெக்கானிக்காக உழைத்தவரை உடன் பணிபுரிவோர் ‘கயிறண்ணன்’ என்றே அழைத்தனர். ஒற்றைக் கயிற்றை நம்பி எவரையும் மேலேற்றலாகாது, ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது அவர் உறுதி. சேமிப்பையும் அவ்வாறே கட்டினார். வங்கியில் கிடந்ததை எடுத்து, ஆசியாவின் ஐந்து நகரங்களில் அலுவலகக் கட்டடங்களை வாடகைக்கு விடும் ஐந்து நிறுவனங்களின் பங்குகளாக்கினார். ஓய்வு பெற்றால் கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். அப்பங்குகளை விற்றுத்தான் வீடு வாங்குவதாக இருந்தார்.

விருப்ப ஓய்வுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்த காலையில், பதினான்காம் தளத்தில் லிப்ட் கதவு சிக்கியதாக அழைப்பு வந்தது. மேலே சென்றால் நடைவழி முழுதும் மேசைகள். அலுவலகத் தளங்களைக் குத்தகைக்கு எடுத்து, உட்கார்ந்து வேலை பார்க்க மேசை மேசையாக நாள்வாடகைக்கு விடும் பெருநிறுவனம் ஒன்றின் பெயர்ப்பலகையைச் சுமைதூக்குபவர் ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் சரி பண்ணுங்கண்ணே, மேசையே நூறு இருக்கு.”

“எந்த இடத்துக்கு மாத்துறாங்க?”

“எங்க மாத்துறது? கம்பெனியே படுத்துடுச்சு. எல்லா ஊர்லயும் இன்னிக்கு இதே கதைதான்.”

‘எல்லா ஊர்லயும்’ என்றது அவரை உறுத்தியது; தாம் பங்கு வாங்கிய கட்டடங்களிலும் இதே கம்பெனிதானோ? மாடியிலுள்ள இயந்திர அறைக்கு ஏறி, கைப்பேசியில் அந்த ஐந்து நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் திறந்தார். அட்டையிலிருந்த நகரப் படங்களைத் தாண்டி அவர் அவற்றைப் புரட்டியதே இல்லை. முதல் அறிக்கையில், அதிக வாடகை தருபவர் பட்டியலின் தலையில் அதே பெயர். இரண்டாவதிலும். ஐந்தாவது வரை அதே பெயர். கண்ணெதிரே ஐந்து எஃகுக் கயிறுகளும் ஒரே சக்கரத்தின்மீது ஏறி இறங்கிக் கிடந்தன. நாள்தோறும் பார்த்த காட்சிதான். அன்றைய பங்கு விலைகளைத் திறந்தார்; ஐந்தும் சரிந்திருந்தன.

தையற்கடையிலிருந்த மனைவியை அழைத்துச் சொன்னார்.

“ஐஞ்சு ஊரு, ஐஞ்சு கட்டடம்னீங்க. குடியிருந்தது ஒரே ஆளா?”

“ம்.”

“எவ்வளவு போச்சு?”

“பாதிக்கு மேல. காலையில சந்தை திறந்ததுமே.”

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

“அந்தக் கடுதாசியைக் கொடுத்துட்டீங்களா?”

“பையிலதான் இருக்கு.”

“கிழிச்சுப் போடுங்க. வேலையில இருக்கிற வரைக்கும் வீடு இருக்கு.”

பதினான்காம் தளத்துக்குக் கீழிறங்கினார். கதவைச் சரிசெய்ததும் சுமைதூக்குபவர் மேசைகளை லிப்டுக்குள் அள்ளித் திணித்தார்.

“ஒரு நடைக்கு ஆறு மேசைதான்ப்பா, அதுக்கு மேல ஏத்தினா தாங்காது,” என்றார் கயிறண்ணன். தம் குரல் பிறர் குரல்போல அவருக்கே கேட்டது.