ஏழுமலை கேட்ட கையெழுத்து

ஏழுமலை போய்ட்டார்.

சைதாப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து காலையில் போன். கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்...

முதலில் ஒன்று. வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்கு "ஹை பீம்காரன் எவனோ இடிச்சிட்டானாம்" என்று பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. தெரியாத விஷயத்தை ஃபார்வர்ட் பண்ணாதீர்கள், தயவுசெய்து.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழுமலை ஆட்டோ டிரைவர். கண்ணைப் பறிக்கிற வண்டி லைட்டுக்கு எதிராக மூன்று வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவர். நான் அந்த லைட்டை விற்கிறவன். ராயப்பேட்டையில் கார் ஆக்சஸரீஸ் கடை.

சிநேகமே சண்டையில்தான் ஆரம்பித்தது.

ஒருநாள் கடைக்குள் விறுவிறுவென்று வந்து, "அண்ணாச்சி, நீ விக்கிற லைட்ட என்னிக்காவது எதிர்ல குந்திப் பாத்துகீறியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. சவாரி இல்லையென்றால் என் கடைதான் கிடைத்ததா என்று விரட்டினேன். மனுஷன் அசையவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

சரி, தொல்லை விட்டால் போதும் என்று போனேன். என்னைத் தன் ஆட்டோவில், டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். எதிரே கொஞ்ச தூரத்தில் என் கார். நானே ஆசை ஆசையாக மாட்டிய வெள்ளை எல்.இ.டி. அவர் போய் அதில் உட்கார்ந்து ஹை பீமைப் போட்டார்.

என் கார் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், சொல்லு என்று அங்கிருந்தே கத்தினார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லையே என்றேன்.

லைட்டை அணைத்தார். மூன்று பேர்... பக்கத்துக் கடை டெய்லர், பூக்காரம்மா, டியூஷன் முடிந்து வந்திருந்த என் மகள். மூன்று பேரும் அவ்வளவு நேரமும் எனக்குக் கையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பெற்ற பிள்ளை, கண்ணெதிரே நிற்கிறாள். தெரியவில்லை எனக்கு.

அவரும் சொதப்பாதவர் இல்லை. அந்தக் காலத்தில் எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமலிருக்க ஹெட்லைட் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு ஒட்டுவார்கள் இல்லையா... அதே நினைப்பில் ஒரு கட்டு கறுப்பு ஸ்டிக்கரோடு அடையாறு சிக்னலில் நின்று, வருகிற காருக்கெல்லாம் ஒட்டித் தள்ளிவிட்டார். ஒரு கார்க்காரர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்ப் பசையைச் சுரண்டி, சாரி சொல்லி, கூட்டிக்கொண்டு வந்தேன்.

வழியில் மெதுவாகச் சொன்னேன். இப்போது வருகிற லைட்டுக்கு நடுவில் பொட்டு வைத்துப் பிரயோஜனமே இல்லை, வெளிச்சம் மேலே அடிக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்க வேண்டும் என்று. அவ்வளவுதான், மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை முன்னாலேயே சொல்வதற்கு உனக்கு என்ன கேடு என்றார். நியாயம்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டியை எதிரே நிறுத்தி, வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறினால் ஸ்க்ரூவைத் திருப்பு. நான் திருப்ப, அவர் சுவரைப் பார்த்துச் சொல்ல... ஸ்டாண்டில் ஒரு வண்டி பாக்கியில்லை. அப்புறம் லோடு வண்டிக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். லைட்டை இறக்கினால் பள்ளம் எப்படித் தெரியும் என்று மல்லுக்கு நின்றவர்களுக்கெல்லாம் எனக்கு வைத்த அதே பரீட்சைதான்.

போன மாதம் ஆர்.டி.ஓ ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார். எஃப்.சி-க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வருகிற வண்டியில் லைட்டையும் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், இந்த மாதிரி லைட் விற்பதையே நிறுத்த வேண்டும் என்று. டிரைவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் வந்தார்.

"நாங்க சொன்னா, ஆட்டோக்காரன் வயித்தெரிச்சல்ல சொல்றான்னு பூடுவாங்க. விக்கிறவன் நீ சொல்லு அண்ணாச்சி. அப்பதான் எடுபடும்."

நான் போடவில்லை.

எங்கள் தெரு முழுக்க இதே வியாபாரம். போட்டுவிட்டு வியாபாரிகள் சங்கத்தில் எவன் முகத்தில் முழிப்பது. கடையில் என் மச்சானும் பார்ட்னர், நம்ம தலையில் நாமே மண்ணள்ளிப் போடுவதா என்று குதித்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தேன். ஏழுமலை வருவார், டீ குடிப்பார், பேப்பரை மடித்துக்கொண்டு போவார். இதற்காக ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை.

வியாழக்கிழமையும் வந்தார். தூரத்தில் பார்த்ததுமே, உள்ளே கஸ்டமர் இருக்காங்க என்று சைகை காட்டினேன். கடையில் ஒரு ஈ காக்கா இல்லை. வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும், அவரும் பார்த்தார். "சரி அண்ணாச்சி, அப்பால வரேன்" என்று போய்விட்டார்.

அதுதான் கடைசி... வெட்கமாக இருக்கிறது எனக்கு. 

இப்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். அவர் மனைவி அந்த மனுவை எடுத்து வந்து கொடுத்தார். கடைசிப் பக்கம், எல்லாருக்கும் கீழே, "கடை உரிமையாளர்" என்று அவர் கையாலேயே எழுதி, என் பெயரும் எழுதி வைத்திருக்கிறார். எதிரே காலியாக விட்டிருக்கிறார். ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை.

அவர் காலடியில் உட்கார்ந்து போட்டேன். மடியில் வைத்துப் போட்டதால் கோணலாகத்தான் விழுந்தது. என் கையெழுத்துதான், யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

சங்கத்துக்காரர்களே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படியுங்கள். திங்கட்கிழமை காலை ஆர்.டி.ஓ ஆபீஸ் திறக்கும்போது மனுவோடு வாசலில் நான் நிற்பேன்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். ஸ்டாண்டில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

போட்டுட்டேன் ஏழுமலை... போய் வாரும்.