கொடியில் தொங்கிய பாடங்கள்

துணி காயப்போடுகிற சாதாரண நைலான் கொடிதான் அது. மதினி அதை மொட்டை மாடியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டியிருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு பாடத்தின் பெயரை எழுதி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். இடது பக்கம் ‘இன்று’, வலது பக்கம் ‘நாளை’. முடித்த பாடத்தின் சீட்டு கழன்று பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். முடியாதது நாளைப் பக்கம் நகரும். மணி, பிரிவேளை எதுவும் கிடையாது. கிளிப்புகளில் சில சிவப்பு, சில பச்சை. அழகுக்காக மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். நாளைக்குத் தள்ள ஒரு பக்கம் இருந்தால் எந்தப் பிள்ளைதான் இன்றைக்குப் படிக்கும் என்ற சந்தேகம் மட்டும் முதல் நாளே எனக்குத் தட்டிவிட்டது.

சந்தேகப்படுவது எனக்குப் பழகிய வேலை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பதினெட்டு வருஷமாகப் பரீட்சை அறையில் பிள்ளைகளின் உள்ளங்கையையும் சாக்ஸையும் பார்த்துப் பார்த்து, கடையில் வெண்டைக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். அண்ணன் மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளி வேன் ஹாரன் அடித்தாலே வாந்தி எடுத்தாள். அரையாண்டுக்குப் பிறகு பேச்சும் குறைந்துபோனது. ஒரு நாள் மதினி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனி நானே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். நத்தம் பக்கம் மாந்தோப்புக் குத்தகை எடுத்திருந்த அண்ணன் வீட்டில் தங்குகிற நேரம் குறைவு. அவர் என்னைக் கூப்பிட்டு, “நீ வாத்தியாரு. லீவு முடியிறதுக்குள்ள பாத்துச் சொல்லு. படிப்பு நடக்குதுன்னா வீட்டுலயே இருக்கட்டும். இல்லைன்னா பள்ளிக்கூடத்துல திரும்பச் சேத்துருவோம்” என்றார். அந்தப் பிள்ளை மறுபடி வேனில் ஏற வேண்டுமா என்பது நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

மதினி சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊரில் எட்டாவது வரை படித்தவர். நல்லதையே நினைக்கச் சொல்லும் வீடியோக்களைக் கைபேசியில் கேட்டுக்கொண்டே வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவார். காலையில் பாடம் தொடங்கும்முன் தாயும் மகளும் ஆளுக்கு மூன்று நல்ல விஷயம் சொல்ல வேண்டும். ‘முடியாது’, ‘தெரியாது’ இரண்டு வார்த்தைக்கும் அந்த வீட்டில் தடை. “இன்னும் வரல” என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இதெல்லாம் ஓட்டைப் பாத்திரத்துக்குப் பூசிய பெயின்ட் மாதிரிப் பட்டது. நான் போகும்போதெல்லாம் மதினி சிரித்த முகமாகவே இருந்ததும் உறுத்தியது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் எதற்கு இம்புட்டுச் சிரிக்க வேண்டும்?

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மதினி காபி போட உள்ளே போன நேரத்தில், நாளைப் பக்கம் தொங்கிய ‘பின்னம்’ என்ற சீட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். திருத்திய விடைத்தாளை மாற்றிவிடாமலிருக்க நாங்கள் செய்கிற வேலைதான். அடுத்த வாரம் போனேன், புள்ளி வைத்த சீட்டு அங்கேயே தொங்கியது. அதற்கடுத்த வாரமும் நகரவில்லை. மூன்றாம் வாரம், கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது சந்தோஷம்தான். நேரே அண்ணனிடம் போய், வீட்டில் படிப்பு நடக்கவில்லை, கொடி கட்டிக் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள் என்றேன். அண்ணன் மறுநாளே சேர்க்கைப் படிவம் வாங்கிவந்தார். மதினி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லதுக்குத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பதிலையும் நான் சந்தேகப்பட்டேன்.

சேர்க்கைக்கு ஒரு தேர்வு உண்டு. பிள்ளை எவ்வளவு பின்தங்கியிருக்கிறாள் என்று அண்ணனுக்குக் காட்டுவதற்காக அவளை என் வீட்டுக்கு வரச்சொல்லி, முக்காலையும் ஐந்தில் இரண்டையும் கூட்டச் சொன்னேன். பகுதியை இருபதாக்கி, நான் பேனா மூடியை மாட்டுவதற்குள் முடித்துவிட்டாள். இன்னும் மூன்று கொடுத்தேன். மூன்றும் சரி. அப்புறம் ஏன் பின்னம் சீட்டு ஒரு மாசமாக நகரவில்லை என்று அதட்டினேன்.

“அது எனக்கில்ல சித்தப்பா. பச்சை கிளிப்பு அம்மாவோட பாடம். அம்மா மொதல்ல படிச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சொல்லித் தருவாங்க. பின்னம் மட்டும் எனக்கு மொதல்ல வந்துருச்சு. அம்மாவுக்கு இன்னும் வரல. நாந்தான் சொல்லித் தாரேன்.”

அப்போதும் நான் நம்பவில்லை. தாய் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார் என்றே தோன்றியது. அன்று மாலையே போய் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். மதினியின் உருண்டை எழுத்தில் பக்கம் பக்கமாகப் பின்னக் கணக்கு, பெரும்பாலும் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் கீழே பிள்ளையின் கோணல் எழுத்தில், சிவப்பு மையில், ‘இன்னும் வரல’. தப்புக்குப் பெருக்கல் குறியைத் தவிர வேறெதையும் நான் போட்டதில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்றேன். “அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?” என்று கேட்டார். ஆனாலும் படிவத்தைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதினி என்னைத் திட்டவில்லை. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, “நீங்க புள்ளி வச்சத அன்னைக்கே பாத்தேன் தம்பி. எனக்கே இது வரலைன்னு எப்படி வாய்விட்டுச் சொல்ல? கிளிப்பு எதுக்குன்னு நீங்களாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

மூன்று வருஷமாகிவிட்டது. பிள்ளை இன்னும் வீட்டில்தான் படிக்கிறாள். வாந்தி நின்றுவிட்டது, வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னைக் கண்டால் மட்டும் பேச்சு நிற்கிறது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லா நோட்டுகளையும் கொண்டுவந்து என்முன் அடுக்கி, முதல் நோட்டைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், நோட்டெல்லாம் பார்க்க மாட்டேன் என்றேன். சரி சித்தப்பா என்றாள். ஆனால் நோட்டை மூடவில்லை.