ஓரத்தில் ஒரு கேள்வி

என் மனைவி மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவில் படிவம் நிரப்புகிறவள். கர்ப்பகாலத்தில் தாய் படும் பாடு, பிள்ளையின் மரபணு வேலை செய்யும் விதத்தையே மாற்றிவிடலாமாம். அதனால் கேள்வியெல்லாம் தாய்க்குத்தான்: பட்டினி கிடந்தீர்களா, தூங்கினீர்களா, அழுதீர்களா.

இவளுக்குப் பொறுக்காது. கூட வந்த கணவனையும் பிடித்து உட்காரவைப்பாள். "அவங்க அழுதப்போ நீங்க எங்க இருந்தீங்க?" பதிலைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள்.

"அதுக்குக் கட்டமே இல்லையேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டாக்டர்.

"கட்டம் இல்லேன்னா பொறுப்பும் இல்லையா சார்?"

புதுப் படிவத்தில் கட்டம் வந்துவிட்டது. முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"நம்ம பொண்ணு வயித்துல இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க? எழுதுங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கையில் கொடுத்தது பென்சில் இல்லை, பேனா.