என்னைவிடச் சந்தேகம் பிடித்த லிஃப்ட்

போன வாரம் ஆயுத பூஜை அன்று, சிதம்பரத்தில், என் அக்கா லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டாள். கையில் எவர்சில்வர் தூக்கு. தூக்கு நிறையப் பொரிகடலை. எதிர்வீட்டுக்குக் கொடுக்கக் கிளம்பியவள், முதல் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் நின்றுபோனாள்.

யார் காரணம்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் குணத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் சந்தேகப் பேர்வழி. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கடலூரில் என் வீட்டைப் பூட்டினால், பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்ப்பேன். ஐந்தாவது முறை இழுக்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். இதற்கு ஜாக்கிரதை என்று பெயர். வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவனின் அக்கா வீட்டில் லிஃப்ட் போடுகிறார்கள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

அக்கா ரிட்டயர்டு டீச்சர். மாமாவும் அவளும் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். கீழே இரண்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் படி இறங்க முடியவில்லை. எட்டு மாதம்! ஸ்கூலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே பழகியவள், பால்கனியில் நின்று காய்கறி வண்டிக்காரரோடு கத்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்.

"காலுல மண்ணு பட்டு எவ்ளோ நாளாச்சி தெரியுமாடா?"

மாமா மறுவாரமே லிஃப்ட்டுக்குச் சொல்லிவிட்டார்.

வேலைக்கு வந்தவர் ரியாஸ். பரங்கிப்பேட்டைக்காரர். பல வருஷம் துபாயில் லிஃப்ட் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் அவரைக் கேள்வி கேட்டே துளைத்தேன்.

"கரண்ட் போனா?"

"பிரேக் புடிச்சிக்கும் சார்."

"கரண்ட்டே இல்ல, எப்படிங்க புடிக்கும்?"

சிரித்தார். "புடிக்கிறதுக்குக் கரண்ட் தேவையில்ல சார். மோட்டார் பக்கத்துல உருளை இருக்கு பாருங்க... அத ஸ்பிரிங் எப்பவும் அழுத்திப் புடிச்சிக்கிட்டேதான் இருக்கும். கரண்ட் வந்தாதான் விடும். போச்சின்னா கப்புனு புடிச்சிடும். அப்பறம் பேட்டரி மெதுவா எறக்கி உட்டுடும்."

இது எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் நம்பாமல், எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்! நம்ம சாதி.

"சரி... அந்த பிரேக்கு புடிக்கலன்னா?"

"பொட்டி வேகமா எறங்கும். வேகம் ஜாஸ்தியாச்சின்னா, அதக் கண்டுபுடிக்கத் தனியா ஒரு சக்கரம் இருக்கு. அது இழுத்த உடனே, பொட்டிக்கு அடியில தாடை மாரி ரெண்டு இருக்கு... ரெண்டு பக்கத்து இரும்புத் தண்டவாளத்தையும் கவ்விடும். இதுக்கும் கரண்ட் வேணாம்."

"அதுவும் கவ்வலன்னா?"

"சார்... நீங்க போலீஸ்ல இருந்தீங்களா?"

மாமா குறுக்கே வந்தார். "மச்சான், அவர வேல செய்ய உடு. நீ கேக்குற கேள்வியில அவரு திரும்பத் துபாய்க்கே போயிடப் போறாரு."

வேலை முடிந்து கிளம்பும்போது ரியாஸ் மாமாவிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் பெட்டிச் சாவி. "அவசரத்துக்கு மட்டும்தான். உள்ள யாரும் கை வெக்காதீங்க" என்றார்.

ஏன் வைக்கக் கூடாது? உள்ளே என்ன இருக்கிறது? புதிது என்று சொல்லிப் பழைய சாமானை மாட்டியிருந்தால்? பஸ் கடலூர் வந்து சேரும்வரை இதே யோசனை. அன்று இரவு பூட்டை ஆறு முறை இழுத்தேன்.

ஆயுத பூஜைக்குக் காலையிலேயே சிதம்பரம் போய்விட்டேன். மாமா குறிஞ்சிப்பாடியில் முப்பது வருஷம் ரைஸ்மில் நடத்தியவர். மில்லை விற்றாலும் பழக்கத்தை விற்கவில்லை. பூஜை அன்று வீட்டில் உள்ள அத்தனை மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் ஆனது. லிஃப்ட் கதவுக்கும் பொட்டு வைத்தார்.

"மேல மோட்டாருக்கு?" என்றேன்.

"அவுருதான் தொடக் கூடாதுன்னாரே?"

"சாமி கும்பிடக்கூடவா வேணாம்பாரு?"

மாமா குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். எண்ணெய்க் கேனும் என் கையில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். எல்லாமே புத்தம் புதிது. உண்மையைச் சொன்னால், சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்... மோட்டார் பக்கத்தில் பளபளவென்று ஓர் உருளை. விரலால் தடவினால், காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை!

மாட்டினார் ரியாஸ்! இதற்குத்தான் திறக்க வேண்டாம் என்றாரா? கேனைச் சாய்த்து, தாராளமாகவே விட்டேன்.

பூஜை முடிந்ததும் அக்கா தூக்கை எடுத்துக்கொண்டாள். "தனியாதான் போவேன்" என்றாள். நான் படியில் இறங்கிக் கீழே காத்திருந்தேன். லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டியது. கரண்ட் போனது.

'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து "டேய்..." என்று அக்காவின் குரல். உடனே 'டமார்'!

கதவுக் கண்ணாடி வழியாக, தலைக்கு மேல் அக்காவின் பாதம் மட்டும் தெரிந்தது. "அக்கா!" என்று கத்தினேன்.

"இருக்கேன்டா. பொரிதான் எல்லாம் போச்சி."

ரியாஸுக்குப் போன் போட்டேன். டூப்ளிகேட் பிரேக் என்றேன். கேஸ் போடுவேன் என்றேன். "அக்காவக் கீழ ஒக்காரச் சொல்லுங்க சார். கீரப்பாளையத்துலதான் இருக்கேன், வந்துர்றேன்" என்றார். பைக்கில் வந்தார். மேலே போய்க் கையாலேயே சுற்றி, பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்தார். அக்கா தலையெல்லாம் பொரியோடு வெளியே வந்தாள்.

ரியாஸ் மறுபடி மேலே போய், கையில் ஒரு துணியோடு இறங்கி வந்தார். துணியில் எண்ணெய். எண்ணெயில் குங்குமம்.

"பிரேக்குக்கு யாரு எண்ண உட்டது?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். ஆமாம், நானும்தான் பார்த்தேன்.

"சத்தியமா நான் இல்லப்பா!" என்றார் மாமா. முப்பது வருஷம் எண்ணெய் விட்ட கை. யார் நம்புவார்கள்? நான் வாய் திறக்காவிட்டால் பழி அவரோடு போய்விடும். ஒரு நிமிஷம் திறக்கவும் இல்லை; இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள். அது டீச்சர் பார்வை.

"நான்தான்" என்றேன்.

ரியாஸ் கோபப்படவில்லை. "பைக் பிரேக்குல எண்ண உடுவீங்களா சார்? மேல புடிக்க வேண்டியது வழுக்கிடிச்சி. கீழ இருக்கறது கவ்விடிச்சி. அல்லாஹ் காப்பாத்துனான்."

யோசித்துப் பார்த்தேன். அந்த லிஃப்ட்டை வடிவமைத்தவன் என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. கரண்ட்டை நம்பவில்லை. தன் முதல் பிரேக்கையே நம்பவில்லை. என்றாவது ஒருவன் எண்ணெய்க் கேனோடு வருவான் என்பதுவரை சந்தேகப்பட்டிருக்கிறான். நானோ ஊரையே சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர. அவன் சந்தேகப்பட்டுவிட்டு இரும்புத் தாடை செய்து வைத்தான். நான் சந்தேகப்பட்டுவிட்டு எண்ணெய் ஊற்றினேன்.

மறுநாள் ரியாஸ் உருளையைச் சுத்தமாகத் துடைத்து, பிரேக்கின் தேயும் கட்டைகளைப் புதிதாக மாற்றினார். அரிசி மூட்டைகளை ஏற்றி மூன்று முறை இறக்கிக் காட்டினார். மூட்டை இறங்கும், சரி... அக்கா ஏறுவாளா? என் ஒருவனால் அவள் மறுபடியும் பால்கனிக்கே போய்விடுவாளோ? இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா வாக்கரை ஊன்றி லிஃப்ட் முன்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள்.

"தொணைக்கு நானும் வரேன்க்கா" என்றேன்.

கையை நீட்டினாள். "மொதல்ல அந்தச் சாவியக் குடு."

கொடுத்தேன்.

"நீ படியில வா."

கதவு மூடியது. நான் அத்தனை படியும் இறங்கி ஓடி வருவதற்குள், அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெரு மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். கத்தரிக்காய்க்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. சாவி அவள் முந்தானை முடிச்சில்.

இப்போது அந்த லிஃப்ட்டுக்கு மூன்று பிரேக்!