எட்டாவது பொத்தான்

முதன்முதலில் நான் பார்த்தபோது அந்தப் பெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. மேலே எட்டுப் பொத்தான்கள், தண்ணீர், வலி, ஃபேன் என்று ஏழில் ஒவ்வொரு படம். முன்கூட்டி யாராவது பேசிப் பதிந்து வைத்துவிட்டால், பேச்சிழந்த நோயாளி படத்தை அழுத்தினால் போதும், பெட்டி அவருக்காகப் பேசும். இரண்டாயிரமாவது வருஷத் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் நர்ஸாக இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு, குணமாகிப் போன ஒருவரின் மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மேட்ரன். பயிற்சி என்று சொல்லவே சிரிப்பு வருகிறது. உறையைப் பிரிக்காமலே பெட்டியைத் தூக்கிக் காட்டி, "ஆரும் தொடண்டா. கேடானா ஆரு பதில் சொல்லும்?" என்றார். பயிற்சி பெற்றதாகப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். பெட்டி அலமாரிக்குள் போனது, சாவி மேட்ரனின் இடுப்புக்குப் போனது. எந்தப் புது மெஷின் வந்தாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். சோதனைக்கு ஆட்கள் வரும் அன்று மட்டும் வெளியே வந்து, துடைக்கப்பட்டு, திரும்ப உள்ளே போகும்.

மேட்ரனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. தமிழ் வாடை அடிக்கும் என் மலையாளத்தை வார்டு நடுவில் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார். 'பாண்டி' என்றுதான் கூப்பிடுவார்; தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர். இத்தனைக்கும் நான் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்; தமிழ் எழுதவே பிற்பாடுதான் கற்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கார்ப்பரேஷனில் தெருக் கூட்டியவர். எங்கள் வார்டிலேயே சேர்த்தேன். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். அந்தக் கையைத் தூக்கித் தூக்கி எதையோ கேட்டார். தண்ணீர் கொடுத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், ஃபேனைக் குறைத்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். ஓடிப்போய்ச் சாவி கேட்டேன். "பாண்டிக்கு மெஷினெல்லாம் எந்தினா? கை காட்டினா போதாதா?" என்றார் மேட்ரன். மூக்குக் குழாயைத் தட்டிவிடுகிறார் என்று மறுநாள் அந்தக் கையையும் கட்டிலோடு கட்டச் சொன்னார். ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். அவர் கேட்டது என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றே வேலையை உதறியிருக்கலாம். உதறவில்லை. இவள் ஒருநாள் என் கையில் மாட்டாமலா போவாள் என்று காத்திருந்தேன்.

மேட்ரன் ஓய்வு பெற்றதும் சாவி என்னிடம் வந்தது. உறையைக் கிழித்தெறிந்தேன். புது நர்ஸுகளின் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, அரை மணி நேரம் படுக்க வைத்து, வேண்டியதைப் பெட்டி வழியாகவே கேட்கச் சொன்னேன். தப்பாக அழுத்தட்டும், கீழே போடட்டும், எனக்குக் கவலையில்லை. பதிவேட்டில் கையெழுத்து அதற்கப்புறம்தான்.

இரண்டு வருஷத்தில் மேட்ரன் நோயாளியாக வந்து சேர்ந்தார். அதே நோய், அதே வார்டு, அசைவது அதே இடது கை. கடவுள் இருக்கிறார் என்று அன்று மனசாரச் சொன்னேன். காலையிலிருந்து அலமாரியைத் திறக்கவில்லை. அந்தக் கை எழுந்து எழுந்து விழுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். "சேச்சி, பெட்டி எடுக்கட்டா?" என்று ஒரு புது நர்ஸ் கேட்டாள். "இருக்கட்டும்" என்றேன். பொய் சொல்வானேன், இனித்தது.

சாயங்காலம் எடுத்தது இரக்கத்தால் அல்ல. அதைவிட நல்ல தண்டனை தோன்றிவிட்டது. நோயாளியின் வீட்டார் குரலில்தான் பதிய வேண்டும் என்பது நானே வகுப்பில் சொல்லும் விதி. மேட்ரனின் தங்கை மகள் தயாராக நின்றாள். "வேண்டாம் மோளே, நான் பார்த்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் என் குரலில், அவர் கேலி செய்த அதே மலையாளத்தில், வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பதிந்தேன். இனி ஒரு மடக்குத் தண்ணீருக்கும் பாண்டியின் வாயால்தான் கேட்டாக வேண்டும். முதல் தடவை என் குரல் வந்ததும் அவர் கண் என்மேல் வந்து நின்றது. புரிந்துகொண்டார்.

எட்டாவது பொத்தானில் படம் கிடையாது. நோயாளிக்கென்று தனியாக வேண்டியதைப் பதிவதற்கு. அதில், "தப்பு என்னோடது, பொறுக்கணும்" என்று பதிந்து, அவருக்கு ஒருமுறை போட்டும் காட்டினேன். மூன்று நாள் அவர் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள், நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அழுத்தினார்.

என் குரல் என்னிடமே மன்னிப்புக் கேட்டது. எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! கேட்டதும் என் கண்முன் வந்தது மேட்ரன் அல்ல. தொட்டே பார்க்காத பெட்டிக்காகப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து. அப்பா கட்டிலில் கிடந்தபோது அந்த அலமாரிப் பூட்டை உடைக்க ஒரு சுத்தியல் போதுமாக இருந்திருக்கும். நான் சாவி கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது வகுப்புக்கு வேறு கருவிகள் வந்துவிட்டன. பழைய பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஏழு பொத்தான்களை அழித்தேன், எட்டாவதை அழிக்கவில்லை. சில நாள் அழுத்திக் கேட்பேன். மேட்ரனை நான் மன்னிக்கவில்லை. அந்தக் குரலையும்தான்.