வேற ஜன்னலில் திறக்காத லிங்க்

எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல வச்ச பேரு ஸ்ட்ரிக்டு. வெப்சைட் செய்யற வேலை. அதுல திறந்த குறி ஒவ்வொண்ணையும் மூடியாகணுமாம்; அந்தப் பழக்கத்துல, திறந்தது எதுவா இருந்தாலும் மூடியாகணும் அவருக்கு. அடுத்தவங்க வீட்டுக்குப் போனாலும் அவங்க எண்ணெய் பாட்டிலுக்கு மூடி தேடுவாரு. "மூடாம விட்டா பக்கம் உடையும்"பாரு. பாட்டிலுக்கு ஏது பக்கம்? கேட்டா முறைப்பாரு.

அரசாங்கம் வீடு ஒதுக்கப்போகுது, விண்ணப்பம் எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லதான்னு வந்தப்ப, அந்தத் தளத்தைச் செய்யற வேலை இவரு கைக்கே வந்துச்சு. எங்க அண்ணி, அதான் இவரோட அக்கா, புருஷனை விட்டுட்டு வந்து எங்க ஹால்லயே படுத்து எழுந்துட்டு இருந்தாங்க. அவங்களும் விண்ணப்பம் போடணும். சொந்தமா ஒரு கதவு வேணும்னு வாய்விட்டே சொன்னவங்க.

விண்ணப்பத்துக்கு நடுவுல 'தகுதி விதிகள்'னு ஒரு லிங்க். அதைத் தொட்டா விதிகள் வேற ஜன்னல்ல, அதாவது திரையில தனிப் பக்கமா, திறக்கணும், இல்லேன்னா நிரப்பினதெல்லாம் போயிடும். அதுக்கு ஒரு சின்ன வார்த்தை எழுதினாப் போதுமாம், டார்கெட்னு. ஆனா ஆர்டர்ல, பக்கம் எழுதறதுக்கு 'ஸ்ட்ரிக்ட்'ங்கற கண்டிப்பான தரம்தான் வேணும்னு போட்டிருந்துச்சு. அந்தத் தரத்துல அந்த வார்த்தைக்கே இடம் இல்லை. எழுதினா சோதிக்கற மிஷின் சிவப்பா பல்லைக் காட்டுது.

"ஜனங்க எழுதினது அழிஞ்சிடும் சார்"னு மேனேஜர்கிட்ட மல்லுக்கு நின்னிருக்காரு. "விதி விதிதான். அந்த வார்த்தையை எடுத்துடுங்க"ன்னுட்டாரு அந்தாளு.

இவரு விடுவாரா? லிங்க்ல 'இது வெளியே போறது'ன்னு மட்டும் ஒரு குறிப்பு வச்சாரு. பக்கம் திறந்ததும் ஒரு ஸ்கிரிப்ட், தானா ஓடற குட்டி புரோகிராமாம், ஓடிவந்து, குறிப்பு இருக்கற லிங்க்குக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சேர்த்துடும். சோதிக்கற மிஷின், இவரு எழுதி வச்சதை மட்டும்தானே படிக்கும்? பச்சை காட்டிடுச்சு.

"இது பித்தலாட்டம் இல்லையா?"ன்னேன்.

"விதிக்குள்ள நின்னுதான் செய்யறேன்"னாரு. அன்னிக்கு அவரு முகத்துல இருந்த சந்தோஷம் எங்க கல்யாண போட்டோவுலகூட இல்லை.

வீட்டுல இருந்த ஒரே கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. கடைசி நாள் அன்னிக்கு அண்ணியும் நானும் நூலகத்துக்குப் போனோம். அங்கே ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் தருவாங்க. அண்ணி ஒத்தை விரலால ஒவ்வொரு எழுத்தா தேடித்தேடி அடிச்சாங்க. எல்லாம் முடிஞ்சு அனுப்பற நேரத்துல, "தனியா இருக்கற பொம்பளைக்கும் உண்டான்னு ஒரு தடவை பார்த்துக்கறேம்மா"ன்னு அந்த லிங்க்கைத் தொட்டாங்க.

வேற ஜன்னலாவது ஒண்ணாவது! இருந்த ஜன்னல்லயே விதிகள் வந்து உட்கார்ந்துச்சு. பின்னாடி போனா எல்லாக் கட்டமும் துடைச்சுவிட்ட மாதிரி காலி.

ஐயையோன்னு அவருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அங்கே ஸ்கிரிப்ட் ஓடுதான்னு கேளு"ன்னாரு.

நூலகக்காரரைக் கேட்டேன். வைரஸ் வரும்னு எல்லா மிஷின்லயும் அதை நிறுத்தி வச்சிருக்காங்களாம். "தலைமை ஆபீஸ்தான் திறக்கணும்மா, என்கிட்ட சாவி இல்லை"ன்னாரு. நல்ல மனுஷர்தான், திட்டக்கூட முடியலை.

"நீங்களே அங்கேருந்து போட்டுத் தொலையுங்களேன்!" கத்திட்டேன் ஃபோன்ல.

"தளத்தைச் செஞ்சவங்க ஆபீஸ்லேருந்து விண்ணப்பம் போட முடியாதபடி அடைச்சிருக்கு. நான்தான் அடைச்சேன். ஆர்டர்ல இருந்துச்சு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. யார் மேல காட்டறது? அதுக்குள்ள எங்க முறை முடிஞ்சு அடுத்த ஆள் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கெஞ்சி வரிசையில மறுபடி நின்னோம். இடம் கிடைச்சு அண்ணி பாதிப் பேரு அடிக்கறதுக்குள்ள, 'விண்ணப்பக் காலம் முடிந்தது'ன்னு வந்துடுச்சு. அடுத்த ஒதுக்கீடு எப்போன்னு யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் அவரு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம ஹால்ல நின்னாரு. "அக்கா..."ன்னாரு.

"நீ என்னடா பண்ணுவே? சும்மா இருக்காம நான்தானே அதைத் தொட்டேன்"னாங்க அண்ணி.

இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தாரு. டார்கெட்டு, தரம், ஸ்கிரிப்ட்டுன்னு எதை எடுத்து அவங்களுக்குப் புரியவைப்பாரு? திறந்த வாயோட குனிஞ்சு செருப்பைக் கழட்டினாரு.

அண்ணி பாயை எடுத்தாங்க, ஆனா விரிக்கலை. கையிலேயே வச்சுக்கிட்டு, தம்பியைப் பார்க்காம என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் இங்கேயே படுத்துக்கட்டுமாம்மா?"